முழங்காலுக்கு ஒரு துணை

சகோதரிகளே, செல் துண்டு நரம்பைத் தாக்கினால் நிற்கும்போதே முழங்கால் மடங்கிவிடும். பாரிசவாதம் வந்த சிலருக்கோ அது பின்னோக்கி வளையும். இரண்டிலும் குறை மூட்டில் இல்லை. தசைக்குச் செய்தி சரியாகப் போகாததே காரணம். எண்ணெய் தடவி இதைத் தீர்க்க முடியாது.

வடமராட்சியில் நான் சந்தித்த ஓர் அக்கா, ஒரு கையால் தொடையை அழுத்தியபடிதான் நடப்பார். மற்றக் கையில் வாளியைத் தூக்குவதா, பிள்ளையைப் பிடிப்பதா?

"கலிப்பர் போட்டால் சனம் நொண்டி எண்டு சொல்லும், பிள்ளை."

"போடாட்டிலும் சொல்லுதுகள்தானே அக்கா."

1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம், செயற்கைக் கால்களோடு இத்தகைய தாங்கு கருவிகளையும் செய்கின்றது. தொடைத்தசை வலுவிழந்தவருக்குத் தொடையிலிருந்து பாதம்வரை கருவி தேவைப்படும். நடக்கும்போது அதன் முழங்கால் பூட்டைப் போடலாம், இருக்கும்போது திறக்கலாம். முழங்கால் பின்வளைபவர் சிலருக்குக் கணுக்காலைப் பிடிக்கும் சிறிய பிளாஸ்ரிக் கருவியே போதும். பாதத்தின் சாய்வு முழங்காலையும் ஆளுகின்றது.

அந்த அக்கா இன்று இரு கைகளாலும் துலாக்கயிறு பிடிக்கிறார்.

இன்னொருவரின் கருவியை இரவல் வாங்காதீர்கள். உங்கள் அளவுக்கே செய்ய வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் புண் வந்தாலும் நோகாது. ஆகவே தினமும் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் உடனே திரும்பப்போய்க் காட்டுங்கள். கருவியை மூலையில் போட்டுவிடாதீர்கள்.