பாய்க்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு விரல்

பெங்களூரு எலகங்கா பக்கம், செடிகொடிகளை வழித்தெடுத்த ஒரு செம்மண் சரிவில்தான் மண் அரிப்பைத் தடுக்கும் தொழிலைக் கற்றேன். கீழே ராஜகாலுவே, மழைநீரை ஏரிக்கு ஏரி கொண்டுபோகும் பெருங்கால்வாய். சரிவு அரித்தால் மண் ஏரியில்தான் போய்ப் படியும்.

சொல்லித் தந்தவர் தருமபுரிக்கார மேஸ்திரி. முதல் நாள் தென்னை நார்ப் பாய்களைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். சதுர மீட்டருக்கு 400 கிராம் பாய் கையில் தொளதொளத்தது; 900 கிராம் பாய் விறைத்து நின்றது. சரிவு செங்குத்தாக ஆக, கனமான பாய் வேண்டும்.

முதல் பாயைக் கட்டில் நாடாபோல இறுக்கி இழுத்து ஆணி அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. மேஸ்திரி குனிந்து அடியில் கையை விட்டார். நாலு விரலும் உள்ளே போயின.

"தம்பி, பாய் மண்ணோட ஒட்டணும். இந்த இடுக்குல தண்ணி பூந்தா அடிமண்ண அறுத்துடும்."

அன்று மாலையே கோடை மழை. மறுநாள் பாய் அப்படியே கிடந்தது. தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு ஓடை. கல், கட்டை பொறுக்கி, மண்ணைச் சமன்செய்து, மேல் ஓரத்தைக் குழியில் புதைத்து, இழுக்காமல் படியவிட்டு, கூரை ஓடுபோல மேல்பாய் கீழ்ப்பாயின்மேல் ஏறும்படி மறுபடி விரித்தேன்.

அடுத்தது வண்டல் வேலி, அடித்துவரும் மண்ணைத் தடுக்கும் துணி வேலி. கறுப்பு பாலிப்ரொப்பிலீன் துணியை வாயில் வைத்து ஊதச் சொன்னார். மூச்சு மெல்லத்தான் கடந்தது. தண்ணீரும் அப்படித்தான் கடக்கும். அது தேங்கி நிற்கும் நேரத்தில் மண் கீழே படியும். நான் துணியின் அடியைத் தரையில் விட்டு மண்ணைக் குவித்தேன். வெள்ளம் அடியில் புகுந்தது. 15 செ.மீ. குழி வெட்டிப் புதைத்தேன். அடுத்த மழை வேலியின் முனையைச் சுற்றிப் போனது. "ஓடுற தண்ணிய நடக்க வைடா" என்றபடி, முனைகளை மேட்டுப் பக்கம் வளைத்துக் காட்டினார்.

செப்டம்பர் மழையில் குடையோடு நின்று பார்த்தேன். வேலிக்கு மேற்புறம் குழம்பாகத் தேங்கியது. மறுபுறம் கலங்கல் தெளிந்து கசிந்தது. நுண்களி முழுதும் நிற்காது. ஆனால் மணலும் வண்டலும் நின்றன. வண்டல் வேலியின் பாதி உயரத்தைத் தொடுமுன் அள்ளிவிட வேண்டும் என்பதையும் அன்று கற்றேன்.

இப்போது பாயின் கண்கள் வழியே புல் எழுந்திருக்கிறது. சில ஆண்டுகளில் நார் மக்கிவிடும். அதற்குள் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்காவது சரிவில் பாய் விரித்திருந்தால் அடியில் ஒரு விரல் விட்டுப் பாருங்கள். விரல் நுழைந்தால், வேலை இன்னும் முடியவில்லை.