அப்பாவின் நெற்றி விளக்கும் என் கைவிளக்கும்



இன்று பாடத்திட்டம் பற்றியோ தேர்வு பற்றியோ எழுதப் போவதில்லை. என்னுடைய பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றியும், அதனால் நான் செய்த தவறு ஒன்றைப் பற்றியும் எழுதுகிறேன். என்னைப் போல் கைவிளக்குப் பைத்தியம் பிடித்த ஆசிரியர் வேறு எவரேனும் இருந்தால் அவருக்குப் பயன்படட்டும்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியலுக்கு முந்திய குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும். ஆகவே பெரட்டு முடிந்து இருட்டிலேயே நிரைக்குள் இறங்கிவிட வேண்டும். தாத்தா காலத்தில் கார்பைட் விளக்கு. கல்லின் மீது நீர் சொட்டச் சொட்ட வாயு கிளம்பும். அதைக் கொளுத்தி நெற்றியில் கட்டிக்கொள்வார்கள். அப்பாவுக்கு வந்தது மின்விளக்கு. இடுப்பில் பெரிய பேட்டரிகள் அடங்கிய பெட்டி. அங்கிருந்து ஒரு கம்பி முதுகு வழியாக நெற்றிக்கு ஏறும். பேட்டரி தளர்ந்தால் விளக்கு மஞ்சளாகி, சிவந்து, பிறகு அணையும். அப்பா அவற்றை எறிய மாட்டார். லயத்து வாசலில் வெயிலில் வரிசையாகக் காய வைப்பார். மறுநாள் கொஞ்சம் உயிர் வந்திருக்கும். வெப்பம் உள்ளிருக்கும் வேதிவினையைச் சற்று முடுக்கிவிடுகிறது என்பதை ஆசிரியர் பயிற்சிக் காலத்தில்தான் அறிந்தேன். அதுவரை அது அப்பாவின் மந்திரம் என்றே எண்ணியிருந்தேன்.

அந்த விளக்குதான் என்னை இந்தப் பொழுதுபோக்கில் இழுத்துவிட்டது போலும். பள்ளி விடுமுறைகளில் பற்றவைப்புக் கோலும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். என் இல்லத்தரசி இதைப் பற்றிக் கூறுவதை இங்கே எழுத இயலாது!

1993-இல் ஜப்பானில் ஷுஜி நகமுரா ஒளிமிக்க நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். அந்த நீல ஒளியின் மீது மஞ்சள் பூச்சு ஒன்றைப் பூசியதும் வெள்ளொளி கிடைத்தது. நீல எல்.இ.டி.க்காக 2014-இல் அவருக்கும் அகசாகி, அமானோ ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று நம் கையில் உள்ள கைவிளக்கு எல்லாம் அந்த வழித்தோன்றலே. ஆனால் வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் கருகிவிடும். ஆகவே மின்கலனுக்கும் எல்.இ.டி.க்கும் இடையே ஒரு காவலாளி தேவைப்படுகிறது. அதைத்தான் டிரைவர் என்கிறார்கள்.

நான் அதிகம் பயன்படுத்திய டிரைவரில் 7135 என்னும் எண் பொறித்த சிறு சில்லுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 350 மில்லியாம்பியர் மட்டுமே விடும். எட்டுச் சில்லு என்றால் 2.8 ஆம்பியர். அவை இணைச்சுற்றில் நிற்பவை. ஆண்டு 5 அறிவியலில் நாம் கற்பிக்கும் அதே இணைச்சுற்றுதான்! ஒன்றைக் கழற்றினாலும் மற்றவை பாட்டுக்கு வேலை செய்யும்.

இப்போது தவற்றுக்கு வருகிறேன்.

பாகான் டத்தோவை அறிந்தவர்களுக்குத் தெரியும். தென்னையும் செம்பனையும் சூழ்ந்த ஊர். தாழ்நிலம் என்பதால் திரும்பிய பக்கமெல்லாம் வடிகால் வெட்டியிருப்பார்கள். பெருஞ்சாலையில் விளக்கு உண்டு. தோட்டத்து மண்சாலையில் இல்லை. என் மாணவி ஒருத்தியின் தாயார் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க விடியற்காலை அந்தச் சாலையில் இருபது நிமிடம் நடப்பார். கையில் இருந்ததோ மலிவு விலைக் கைவிளக்கு. மின்மினி கூட அதைக் கண்டு சிரிக்கும். நான் பெருமிதத்துடன் எட்டுச் சில்லு பொருத்திய என் கைவிளக்கு ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தேன். உள்ளே 18650 வகை லித்தியம் மின்கலன், 3000 மில்லியாம்பியர்-மணி. "வாரம் ஒரு முறை சார்ஜ் செய்தால் போதும்" என்றும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்துக் கட்டுரைப் பயிற்சி. தலைப்பு, 'என்னால் மறக்க முடியாத நிகழ்ச்சி'. அம்மாணவியின் ஏட்டில் ஒரு வாக்கியம்: "ஐயா கொடுத்த விளக்கு திடீரென்று அனைந்ததால் அம்மா கால்வாய் ஓரத்தில் விழுந்தார்." 'அனைந்ததால்' என்பதைச் சிவப்பு மையில் 'அணைந்ததால்' என்று திருத்தி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிறகுதான் வாக்கியத்தின் பொருள் உறைத்தது.

அன்று மாலையே வீட்டுக்குச் சென்றேன். "சின்ன சுளுக்குதாங்க ஐயா. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றார் அந்த அம்மா. இலவசமாகக் கிடைத்த பொருளைக் குறை சொல்லலாமா என்ற தயக்கம்.

கணக்கு மிக எளிது. 3000-ஐ 2800-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாளுக்கு இருபது நிமிடம் என்றால் நான்காம் நாள் தீர்ந்துவிடும். நான் சொன்னதோ வாரம் ஒரு முறை! நான்காம் வகுப்புப் பிள்ளை போடும் வகுத்தலை நான் போடவில்லை. அதைவிடப் பெரிய தவறு, அணைந்த விதம். மின்கலன் 3 வோல்ட்டுக்கு இறங்கியதும் தானே அணைந்துவிடும்படி அந்த டிரைவர் அமைந்திருந்தது. லித்தியம் மின்கலன் அதற்குக் கீழ் வெகுவாக இறங்கினால் கெட்டுவிடும். மறுபடி சார்ஜ் செய்வதும் ஆபத்து. ஆக, என் விளக்கு மின்கலனைக் காத்தது. நடந்து சென்ற பெண்மணியைக் காக்கவில்லை. கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்துக்குப் பழகிய கண் இருட்டில் மறுபடி தேறுவதற்கு இருபது, முப்பது நிமிடம் ஆகும். அப்பாவின் மஞ்சள் விளக்காவது மெல்லச் சிவந்து எச்சரித்துவிட்டுத்தான் போனது.

முதலில் எட்டில் ஆறு சில்லுகளைக் கழற்றினேன். 700 மில்லியாம்பியர், நான்கு மணி நேரத்துக்கு மேல் வரும். வெளிச்சம் நால்வகையில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். குறைந்த மின்னோட்டத்தில் எல்.இ.டி. இன்னும் சிக்கனமாக ஒளி தரும். நம் கண்ணும் குறைவை அவ்வளவாக உணராது. மண்சாலையில் நடப்பதற்கு நூறு லூமென் தாராளம்.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அந்த வீட்டில் சிறுபிள்ளைகள் இருவர். மாற்று மின்கலன் சாவிக்கொத்தோடு ஒரே மேசை அறையில் கிடந்ததை என் கண்ணாலேயே கண்டேன். இருமுனையையும் ஒரு சாவி தொட்டால் போதும், குறுக்குச்சுற்றாகித் தீப்பிடிக்கக் கூடும். பழகியவர் கையில் 18650 அருமையான மின்கலன். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதை நான் இனிப் பரிந்துரைக்க மாட்டேன். முடிவில், ஏ.ஏ. அளவு மின்கலன் இரண்டில் இயங்கும் விளக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நிக்கல் வகை மின்கலன் ஒன்று 1.2 வோல்ட்தான். இரண்டும் சேர்ந்தாலும் 3-ஐ எட்டாது. டிரைவர் அதை உயர்த்திக் கொடுக்கிறது. 2005-இல் சான்யோ நிறுவனம் வெளியிட்ட எனிலூப் போன்ற வகை, சும்மா வைத்திருந்தாலும் மாதக்கணக்கில் மின்னைக் காத்துக்கொள்ளும். அவசரத்துக்கு மளிகைக் கடை பேட்டரியும் பொருந்தும். தீரும்போது ஒரேயடியாக இருட்டாமல் மங்கலான வெளிச்சத்துக்கு இறங்கும் வகையாகப் பார்த்து வாங்கினேன்.

நிறத்தையும் கவனித்தேன். மலிவு எல்.இ.டி.களின் நீலம் பாய்ந்த வெள்ளொளியில் சிவப்பும் பழுப்பும் வெளிறிப் போகும். காய்ந்த செம்பனை ஓலையும் அதன் மேல் கிடக்கும் பாம்பும் ஒன்றுபோல் தெரிவது தோட்டத்தில் விளையாட்டான காரியம் அன்று. 4000 கெல்வின் அளவில், நிறங்களை உள்ளபடி காட்டும் எல்.இ.டி. ஒன்றை மாற்றிப் பொருத்தினேன். லூமென் கணக்கில் சிறிது இழப்புதான், இருக்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு குறிப்பு. சந்தையில் 9900 என்று அச்சிட்ட 18650 மின்கலன்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நம்பாதீர்கள். நம்பகமான தயாரிப்பாளர்களின் மின்கலன்களே பெரும்பாலும் 3500 அளவில்தான் நிற்கின்றன. மாணவர்களிடம் தராசைக் கொடுத்து நிறுக்கச் சொன்னேன். நல்ல மின்கலன் 45 கிராமுக்கு மேல் இருந்தது. 9900 என்று பெருமை பேசியது 31 கிராம். "ஐயா, அப்படின்னா பேப்பர்ல பொய் எழுதியிருக்காங்களா?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சற்று நேரம் அமைதியானது.

சென்ற மாதம் அந்த அம்மா இரண்டு இளநீரோடு பள்ளிக்கு வந்திருந்தார். விளக்கு நன்றாக எரிகிறதாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒன்று வேண்டுமாம், காசு கொடுத்துவிடுவாராம்.

அதற்கான மின்கலன்களைச் சார்ஜ் செய்து வீட்டு மேசையில் வைத்திருந்தேன். மாலையில் பார்த்தால் காணவில்லை. தேடிப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய என் அப்பா அவற்றை வாசல் திண்ணையில், வெயில் படும் இடமாகப் பார்த்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.