காளை நின்ற இடம்

தஞ்சாவூர் போனால் பெரிய கோயிலோடு திரும்பிவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை அத்தையை வற்புறுத்தி அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள்.

"இது கோயில் இல்ல அத்தை."

"உள்ளே சாமிதானே இருக்கு?" என்றவள், அரைமனதாய்த் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

நாயக்கர் காலத்து அரண்மனை. 1951-இல் இங்கே கலைக்கூடம் உருவானது. வயல்களிலும் பாழடைந்த கோயில்களிலும் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்ததில் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானுக்குப் பெரும் பங்கு உண்டு. தாராசுரத்திலிருந்து வந்த யானையுரித்தவரின் முன்னால் சற்று நேரம் நின்றோம். உரித்த தோலுக்கு நடுவே அவர் உடலை முறுக்கி ஆட, குழந்தையோடு ஒதுங்குகிறாள் பார்வதி. "பாவம், பயந்துட்டா" என்றாள் அத்தை.

செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தில் அவளுக்கு முதலில் கூச்சம். பட்டும் மாலையுமாய், முகம் மட்டும் தெரிகிற உற்சவரைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இங்கே ஒருவர் மேலும் ஒரு முழத்துணி இல்லை. கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய்விட்டது. "அறுபது வருஷமா கும்பிடறேன். சாமி கால் எப்படி மடங்கியிருக்குன்னு இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

நான் தேடி வந்தது திருவெண்காட்டு ரிஷபவாகனரை. 1950-களின் தொடக்கத்தில் அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர். அங்குள்ள கல்வெட்டை வைத்து 1011-ஆம் ஆண்டுச் சிலை என்கிறார்கள். அப்போது ராஜராஜன் ஆட்சி. படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் நேரில் அந்தத் தலைக்கட்டு திகைக்க வைக்கிறது. சடையையே முண்டாசாகச் சுற்றி, பாம்பையும் அதில் செருகியிருக்கிறார். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை வழியவிட்டு, அந்தப் பள்ளத்தில் உலோகத்தை ஊற்றி எடுத்தது. அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. சடையின் நெளிவில் இன்னும் மெழுகின் குழைவு இருப்பதாகவே எனக்குப் பட்டது.

ஒரு காலை மறு காலுக்குக் குறுக்கே போட்டு, ஒரு கையை மடக்கிக் காற்றில் சாய்த்தபடி நிற்கிறார். பக்கத்தில் தேவி. நான் முகத்தையும் சடையையும் அத்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கவனம் அதில் இல்லை.

"மாடு எங்கே?"

"கிடைக்கலை அத்தை. இவங்க மட்டும்தான் இருக்காங்க."

"அதான் பார்த்தேன். மாட்டு மேல கை போட்டு நின்னவன் கை இது."

சொன்னது இருபது வருஷம் தொழுவம் பார்த்தவள். படித்துத் தெரிந்துகொண்டு வந்த எனக்கு அது குறிப்பு, அவளுக்குப் பழக்கம். அந்தக் கையை இன்னொரு முறை பார்த்தேன். மணிக்கட்டு தளர்ந்து, விரல்கள் பாரமில்லாமல் தொங்குகின்றன. காளை நகர்ந்துவிடுமோ என்ற கவலையே அதில் இல்லை.

அத்தை தன் இடுப்புக்குச் சற்றுக் கீழே கையை நீட்டி உயரம் பார்த்தாள். "பெரிய காளை இல்ல. கன்னுக்குட்டிக்குக் கொஞ்சம் மேல. திமில் இங்க வரும்."

காவலர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அதைக் கவனிக்கவில்லை. திமில் இருந்திருக்க வேண்டிய உயரத்தில் வெறும் காற்றை இரண்டு தரம் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த சிலைக்குப் போனாள்.