சொந்த வலை

ஊர் மாறினால் எழுத்து தானாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பிப் பழவேற்காட்டுக்குப் போனேன். போன மூன்றாம் நாளே என் மடிக்கணினி கண்ணை மூடிவிட்டது. தொடர்கதையின் அத்தியாயமோ அன்று மாலைக்குள் பத்திரிகைக்குப் போயாக வேண்டும்.

கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் தமிழில் தட்டச்சு செய்ய வசதி இருந்தது. கதை எழுதத் தோதான மென்பொருள்தான் இல்லை.

"புதுசா எதையும் போட முடியாது ஸார். பாஸ்வேர்டு ஓனர்கிட்ட இருக்கு" என்றான் கடைப் பையன்.

நான் விடுவேனா? சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவுள்ள பென் டிரைவை எடுத்துச் சொருகினேன். லிப்ரே ஆபீஸ் அதிலேயே குடியிருந்தது, சொடுக்கியதும் திறந்துகொண்டது. பையன் வாயைப் பிளந்தான். வித்தை என்னுடையதல்ல. அமெரிக்காவில் ஜான் ஹாலர் என்பவர் 2004-லேயே பயர்பாக்ஸை இப்படிப் பென் டிரைவிலிருந்து ஓடும்படி செய்தார். பிறகு அந்த வழியில் நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் வந்துவிட்டன. அவற்றைக் கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டியதில்லை. அதன் மூளையையும் திரையையும் சற்று நேரம் இரவல் வாங்கினால் போதும்.

அன்று காலையில்தான் ஏரிக்கரையில் ஒரு பெரியவர் எனக்குப் 'பாடு' முறையை விளக்கியிருந்தார். இறால் பிடிக்கும் இடங்களைக் கோட்டைக்குப்பம் முதலிய ஊர்க்காரர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று ஒருவருக்குக் கிடைத்த நல்ல இடம் நாளை இன்னொருவருக்கு.

"தண்ணி யாருக்கும் சொந்தமில்ல தம்பி. வலைதான் நம்மளுது. மொற முடிஞ்சா சுருட்டிக்கினு கெளம்பணும்" என்றார். தம் தகப்பனார் காலத்துக் கதை ஒன்றும் சொன்னார். அதுதான் என் அத்தியாயம்.

மூன்று மணி நேரம் எழுதினேன். கடையில் அன்று இணையம் இல்லை. பொன்னேரி போய் அனுப்பலாம் என்று எண்ணம். பஸ்காரர் ஹாரன் அடித்தார். அவசரமாக ஒரே தடவை சேமித்துவிட்டு, மென்பொருளை மூடாமல், பாதுகாப்பாக அகற்றும் சடங்கையும் செய்யாமல், பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

பொன்னேரியில் கோப்பு இருந்தது, பெயர் இருந்தது, உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை. திரையில் 'சேமித்தாயிற்று' என்று வந்தாலும், எழுத்தைத் தம் நினைவில் கொஞ்ச நேரம் தேக்கி வைத்துவிட்டு அப்புறம்தான் பென் டிரைவில் இறக்கும் கம்ப்யூட்டர்கள் உண்டு. 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் அந்தத் தேக்கத்தைத் தவிர்த்துவிடுகிறது. கடையிலிருந்ததோ அதற்கும் முந்தையது. அந்த வாரம் என் தொடர் வரவில்லை.

மறுநாள் பெரியவரைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"வலைய மட்டும் எடுத்துக்கினு மீனத் தண்ணியிலேயே விட்டுட்டியே தம்பி!"

கதையை மறுபடியும் சொன்னார். ஒரு குறையுமில்லை. ஆனால் முதல் நாள் தகப்பனார் பேச்சு வந்தபோது அவர் குரல் சற்றே தழுதழுத்தது. இரண்டாம் தடவை அது தழுதழுக்கவில்லை. நீங்கள் படித்த அத்தியாயம் அந்த இரண்டாவது கதைதான்.