வார்ப்புரு

ஊர்விட்டு ஊர் மாறும் பணியில் இருப்போர், எதைத் தொடங்கினாலும் ‘நமக்குப் பின் இதனை யார் பேணுவார்?’ என்று எண்ணுவர். கொச்சியில் பணியாற்றும் தமிழாசிரியராகிய எனக்கும் அவ்வழக்கம் உண்டு. என் மாணவர்களுள் பலரும் தந்தையின் பணிமாறுதலோடு ஊர் மாறுபவர்களே. அவர்கள் மட்டாஞ்சேரியையும் ஃபோர்ட் கொச்சியையும் பற்றித் தமிழில் ஒரு வலைத்தளம் அமைக்க விரும்பினர்.

போர்ச்சுக்கீசியர் கட்டி, 1663-இல் டச்சுக்காரர் புதுப்பித்த மட்டாஞ்சேரி அரண்மனை. 1568-இல் எழுந்த யூதத் தொழுகைக்கூடம். தமிழ்க் குடும்பங்கள் சலவைத்தொழில் செய்துவரும் தோபிகானா என ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு பக்கம் வகுத்தனர். மொத்தம் முப்பது பக்கங்கள். தலைப்பகுதியும் பட்டியலும் அடிப்பகுதியும் எல்லாவற்றிற்கும் பொது. அவற்றைத் தனித்தனியே எழுதினால், ஒரு சொல்லைத் திருத்தவும் முப்பது பக்கங்களைத் திறக்க வேண்டும். பொதுவானவற்றை ஓரிடத்தில் எழுதி, மாறுபவற்றிற்கு வெற்றிடம் விடும் அமைப்பே வார்ப்புரு.

செங்கல் அறுப்பவரின் அச்சும் இத்தகையதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சை மாற்றினால் முன்பு அறுத்த கற்கள் மாறுவதில்லை. வார்ப்புருவை மாற்றினாலோ, அதனைப் பயன்படுத்தும் பழைய பக்கங்களும் மாறிவிடும்.

2003 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இதற்குச் சான்றாகும். ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட அதில், ஊர்களின் பரப்பையும் மக்கள்தொகையையும் காட்டும் தகவற்பெட்டி ஒரு வார்ப்புருவே. அங்கு வார்ப்புருவை இருவகையில் பயன்படுத்தலாம். ஒருமுறை படியெடுத்துப் பக்கத்தில் பதித்துவிடலாம்; அது செங்கல் போலப் பின்னர் மாறாது. அல்லது பெயரை மட்டும் குறித்து, ஒவ்வொரு முறையும் அழைத்துக்கொள்ளலாம்; ஓரிடத்துத் திருத்தம் எங்கும் பரவும். பிழையும் அவ்வாறே பரவும் என்பதால், மிகுதியாகப் பயன்படும் வார்ப்புருக்களை எல்லோரும் மாற்ற இயலாதபடி காக்கின்றனர்.

எங்கள் மாணவர்களிடையே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. கட்டடத்தின் வயதைத் தானே கணக்கிடும் நிரலையும் வார்ப்புருவுக்குள்ளேயே எழுத வேண்டும் என்றான் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். “அண்ணா, நீங்கள் பள்ளியை விட்டுச் சென்ற பிறகு இதை நாங்கள் எப்படித் திருத்துவோம்?” என்று கேட்டாள் ஏழாம் வகுப்பு மாணவி. விக்கிப்பீடியாவிலும் இச்சிக்கல் எழுந்ததுண்டு. கணக்கீடுகள் மிகுந்து வார்ப்புருக்கள் படிக்க அரியனவாயின. எனவே 2013 முதல் அவற்றை லுவா என்னும் நிரல்மொழியில் தனியே எழுத வழி செய்யப்பட்டது.

நாங்களும் வெற்றிடங்களும் எளிய நிபந்தனைகளும் மட்டும் கொண்ட வார்ப்புருவையே தேர்ந்தோம். கணக்கீட்டைத் தனிக் கோப்பில் வைத்தோம். பின்னர் அத்தளத்தை அமைப்பதில் பங்கேற்காத ஆறாம் வகுப்பு மாணவனிடம் ஒரு புதிய பக்கத்தைச் சேர்க்கச் சொன்னோம். அரைமணி நேரத்தில், எவர் உதவியுமின்றி, சேர்த்துவிட்டான்.

மாணவர்களே, நீங்கள் ஒரு வலைத்தளம் அமைக்கும்போது எத்தனை திறன்களைக் காட்டலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். உங்களுக்குப் பின் வருபவர் அதனைப் படித்துப் புரிந்து திருத்த இயலுமா என்றும் எண்ணுங்கள்.