தொட்டாற்சிணுங்கி

பள்ளித் திடலின் ஓரத்தில் புல்லோடு புல்லாகப் படர்ந்து கிடக்கும் சிறு செடியொன்று உண்டு. காலை வெயிலில் அதன் வெளிர் ஊதாப் பூக்கள் பஞ்சுருண்டைகள்போல் மலர்ந்திருக்கும். ஒரு சென்டிமீட்டர் குறுக்களவே உள்ள அவ்வுருண்டை தனிப்பூ அன்று. மிகச் சிறிய பூக்கள் பல கூடிய கொத்தாகும். பூவை நின்று நோக்குவோர் சிலரே. இலையைத் தொட்டுப் பார்க்காத மாணவரோ எவருமிலர்.

வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து இங்கு வந்து வேரூன்றிய செடி இது. நாம் இதனைத் தொட்டாற்சிணுங்கி என்கிறோம். மலாய்க்காரர் நாணத்தைக் குறிக்கும் சொல்லால் 'செமாலு' என்கின்றனர். 1753-இல் லின்னேயஸ் இதற்கு இட்ட இலத்தீன் பெயரும் நாணமுடையது என்றே பொருள்படும். எனினும், இச்செடியின் வாழ்க்கையை உற்று நோக்கினால் அங்கே நாணத்தைக் காண இயலாது. பிழைக்கும் திறனையே காணலாம்.

இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு ஒன்றுண்டு. தொட்டவுடன் அதன் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேற, இலை மடிந்து சாய்கிறது. மேய வரும் விலங்கின் கண்ணுக்குப் பசுமை குறைகிறது. முட்கள் முன்னே தெரிகின்றன. தரையோடு படர்வதால் புல்வெட்டும் இயந்திரத்திற்கும் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உணவாக்கித் தருவதால், வளமற்ற மண்ணிலும் தழைக்கிறது. மயிர்போன்ற முட்களையுடைய காய்கள் ஆடையிலும் விலங்கின் உரோமத்திலும் ஒட்டிக்கொண்டு புதிய புல்வெளிகளைச் சென்றடைகின்றன.

இதனையெல்லாம் அறியாத இளம் வயதில் நான் ஒரு பிழை செய்தேன். தோட்டப் பள்ளியொன்றில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், கேள்வி கேட்டால் தலைகுனிந்து கண்கலங்குவான். ஒருநாள் பொறுமையிழந்து, "நீ என்ன தொட்டாற்சிணுங்கியா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்று முதல் அதுவே அவன் பெயராயிற்று. ஆறாம் ஆண்டு முடித்துப் பள்ளியைவிட்டுச் செல்லும்வரை அவன் என்னிடம் தானாக வந்து ஒரு சொல்லும் பேசவில்லை. பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவன் நான்!

2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றைப் பின்னாளில் படித்தேன். மோனிகா கக்லியானோவும் அவருடைய குழுவினரும் தொட்டாற்சிணுங்கித் தொட்டிகளைச் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற பரப்பின்மீது மீண்டும் மீண்டும் விழச் செய்தனர். முதலில் இலைகள் மூடிக்கொண்டன. அவ்வீழ்ச்சியால் தீங்கில்லை என்றானபின் மூடுவதைக் குறைத்துக்கொண்டன. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அவை அவ்வாறே நடந்துகொண்டன.

அதைப் படித்தபோது அம்மாணவன் என் கண்முன் வந்து நின்றான். தீங்கு வாராது எனும் உறுதியைப் பலநாள் பொறுமையோடு அவனுக்கு நான் அளித்திருக்க வேண்டும். நானோ ஒரே சொல்லில் அவனை மூடிவிட்டேன். செடியின் இலை சில நிமிடங்களில் விரிந்துவிடுகிறது. பிள்ளையின் உள்ளம் விரிய எத்தனை ஆண்டுகள் ஆகுமோ, யாரறிவார்?

இன்றும் திடலில் அப்பூக்களைக் காணும்போதெல்லாம், வகுப்பறைக்குள் நுழையுமுன் என் நாவை ஒருமுறை அடக்கிக்கொள்கிறேன்.