பிரிக்பீல்ட்ஸ்: செங்கல் தந்த பெயர்

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் மல்லிகைச் சரமும் வாழையிலைச் சோறும் தீபாவளிக் கூட்டமும்தான் பலரின் நினைவுக்கு வரும். ஆனால், அப்பெயருக்குச் ‘செங்கல் வயல்’ என்பதே பொருள். கோலாலம்பூரின் நடுவே உள்ள அவ்வட்டாரத்தில் இன்று தேடினாலும் ஒரு செங்கல் சூளை கிடைக்காது.

அவ்வூரின் கதை மண்ணிலிருந்து தொடங்குகிறது. கோம்பாக் ஆற்றோடு கலந்த பின்னர்க் கிள்ளான் ஆறு தெற்கு நோக்கி வளைந்து ஓடுகிறது. அதன் கரையோரத் தாழ்நிலத்தில்தான் பிரிக்பீல்ட்ஸ் அமைந்துள்ளது. மேற்கே பங்சார் மேடு, கிழக்கே ஆறு. ஆறு பெருகிய போதெல்லாம் கொண்டு வந்து சேர்த்த வண்டல், அங்கே களிமண்ணாகப் படிந்து கிடந்தது. 1926, 1971 ஆகிய ஆண்டுகளில் கோலாலம்பூரை மூழ்கடித்த பெருவெள்ளங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். மக்களைத் துன்புறுத்திய அதே ஆறுதான் ஊருக்கு முதல் தொழிலையும் கொடுத்தது.

1880-இல் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. தலைநகரம் என்றாலும் அக்காலத்துக் கோலாலம்பூர் மரப்பலகையும் அத்தாப்புக் கூரையும் கொண்ட ஈயச் சுரங்கப் பட்டணமே. 1881 ஜனவரியில் மூண்ட தீ, அதனைச் சாம்பலாக்கியது. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளம் வந்து எஞ்சியதையும் சிதைத்தது. ஒரே ஆண்டில் நெருப்பும் நீரும் மாறி மாறித் தாக்கிய ஊர் அது. மறு ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்ப வேண்டும் என்று வலியுறுத்தினார். செங்கல்லுக்கு எங்கே போவது? காப்பித்தான் சீனாவாக இருந்த யாப் ஆ லோய், களிமண் நிறைந்த இத்தாழ்நிலத்தில் சூளைகளை அமைத்தார். அங்கே சுட்ட கற்கள் நகரின் சுவர்களாக எழுந்தன. சூளைகள் மறைந்தன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

செங்கல்லுக்குப் பின் இரும்பு வந்தது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு செல்ல ஆற்றுப் படகுகள் போதவில்லை. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கியது. 1890-இல் கிள்ளான் ஆற்றின்மீது பாலம் அமைந்ததும் அது கிள்ளான் நகரையே தொட்டது. 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், அப்பாதையைக் கடலோடு இணைத்தது. பிரிக்பீல்ட்ஸ் இரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய நிலையமாக மாறியது.

தண்டவாளம் போடவும் பாதையைப் பராமரிக்கவும் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்தனர். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்ற வந்தனர். இரு சாராரும் தமிழரே; ஆயினும் வேலையும் ஊதியமும் குடியிருந்த வீடும் ஒன்றாக இருக்கவில்லை. இதனையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமை பெறும்.

வந்தவர்கள் தத்தம் வழிபாட்டையும் உடன் கொண்டு வந்தனர். நல்லூர்க் கந்தனை மறவாத யாழ்ப்பாணத்தார் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். சிங்களப் பௌத்தர்கள் 1894-இல் சங்கம் அமைத்து மகா விகாரையை உருவாக்கினர். விசாக நாளில் ஊர்வலம் புறப்படுவது இன்றும் அங்கிருந்துதான். சீனர் கோயிலும், கிறிஸ்துவத் தேவாலயங்களும், இந்திய முஸ்லிம்களின் சூராவும் நடந்து போகும் தூரத்திலேயே உள்ளன. ஒரு காலைப்பொழுதில் இவை அனைத்தையும் சுற்றி வந்துவிடலாம். வெயில் ஏறும் முன் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

இரயில் வாழ்வு தந்ததோடு ஆபத்தையும் தேடித் தந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், ஜப்பானியர் வசமிருந்த இரயில் நிலையத்தைக் குறிவைத்து நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசின. 1945 மார்ச்சில் அவற்றுள் சில அருகிலிருந்த சிலாங்கூர் அரும்பொருளகத்தின் மீது விழுந்தன. இன்று மாணவர்கள் சுற்றுலாவாகச் சென்று காணும் தேசிய அரும்பொருளகம் அவ்விடத்தில்தான் 1963-இல் திறக்கப்பட்டது.

பார்வையற்றோருக்கும் இவ்வூர் நெருக்கமானது. மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அதன் பயிற்சி மையமும் இங்கே அமைந்ததால், பலர் இங்கே தொழில் கற்றனர். உடற்பிடிப்பு நிலையங்களை நடத்தி வாழ்கின்றனர். நடைபாதையில் கோடும் புள்ளியுமாகப் புடைத்திருக்கும் கற்கள் அழகுக்காகப் பதிக்கப்பட்டவை அல்ல. வெள்ளைக் கோலின் நுனி படிக்கும் எழுத்துகள் அவை. அவற்றின்மீது மோட்டார் சைக்கிளை நிறுத்துவோருக்கு அது புரிவதில்லை.

பழைய பிரிக்பீல்ட்ஸ் வேகமாகக் குறைந்து வருகிறது. இரயில் பெட்டிகள் நின்ற நிலத்தில் 2001 முதல் கே.எல். சென்ட்ரல் நிலையம் இயங்குகிறது. அதனைச் சுற்றி வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. அரசு ஊழியர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகள் இடிக்கப்பட்டன. முன்வாசலில் கோலமும், பின்கட்டில் முருங்கை மரமும், அடுத்த வீட்டுக் குழம்பின் மணமுமாக இருந்த வாழ்க்கை, புகைப்படங்களுக்குள் போய்விட்டது. 1904-இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமத்தின் கதை வேறாக முடிந்தது. 2014-இல் அதன் வளாகத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளியானபோது மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர், கையொப்பம் திரட்டினர். 2016-இல் அது பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வீடுகளுக்காக அத்தனை குரல்கள் எழவில்லை. கோபுரமும் மண்டபமும் இல்லாத வீட்டை வரலாறு என்று எண்ண நமக்கு இன்னும் பழகவில்லை போலும்.

2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இவ்வட்டாரத்தை ‘லிட்டில் இந்தியா’ என்று தொடக்கி வைத்தனர். 2015-இல் இந்தியா அன்பளிப்பாக அளித்த தோரண வாயிலும் சேர்ந்துகொண்டது. சாஞ்சித் தூபியின் வாயிலை ஒத்த அது, கல்லால் ஆனது.

ஜனவரி பிறந்ததும் ஜாலான் துன் சம்பந்தன் ஓரம் கரும்புக் கட்டுகளும் மஞ்சள் கொத்துகளும் வந்து இறங்குகின்றன. அவற்றின் பக்கத்தில் பொங்கல் பானைகள் அடுக்கப்படுகின்றன. களிமண்ணால் பெயர் பெற்ற ஊரில் விற்கும் அப்பானைகளுக்கான களிமண் இப்பொழுது வெளியூர்களில் பிசையப்படுகிறது.